ரிசல்ட்டுக்கும் கலந்தாய்வுக்கும் நடுவே

பிளஸ் 2 ரிசல்ட் தமிழ்நாட்டில் மே மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. 2023இல் மே 8, 2024இல் மே 6, 2025இல் மே 8. ஆனால் அரசு நடத்தும் நர்சிங் கலந்தாய்வு முடிவதற்குள் ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. சில ஆண்டுகளில் அதையும் தாண்டிப் போயிருக்கிறது. நடுவிலுள்ள இந்த மூன்று நான்கு மாதங்களில் ஒரு பெண்ணின் படிப்பு எப்படியெல்லாம் திசை மாறும் என்பதைத் திருப்பூரில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். வேறு ஊர் என்றால் அவள் வீட்டோடு இருந்து காத்திருப்பாள். திருப்பூரில் அவளுக்கு அடுத்த தெருவிலேயே வேலை காத்திருக்கிறது.

பனியன் கம்பெனிகளின் காம்பவுண்டு சுவரைப் பார்த்தாலே இது புரியும். டெய்லர், செக்கிங், கைமடி, பிசிறு வெட்ட ஆட்கள் தேவை என்று எழுதிய தகரப் பலகை வருடம் முழுக்க அங்கே தொங்குகிறது. பதினெட்டு முடிந்த பெண்ணென்றால் நேரே செக்கிங் டேபிளில் உட்காரலாம். முடியாதவளுக்கு வீட்டுக்கே மூட்டை வரும். துணியில் தொங்கும் நூல் பிசிறைக் கத்தரித்துக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று காசு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சாயங்காலம் கவர் கைக்கு வந்துவிடும்.

"காலேஜ் தொறக்கற வரைக்கும் சும்மா உக்காந்து என்ன பண்ணப்போற கண்ணு, எங்கூட வா" என்றுதான் அம்மா சொல்வார். அவர் சொல்வதில் தப்பேதும் இல்லை. ஃபீஸ் கட்டப் பணம் வேண்டும். மகள் நான்கு வாரம் வந்தால் ஹாஸ்டல் அட்வான்ஸுக்கு ஆகும். நான்கு வாரம் எட்டாகும், எட்டு பதினாறாகும். அதற்குள் மகளின் சனிக்கிழமைக் கவரை நம்பி ஒரு சீட்டு போடப்பட்டிருக்கும், ஒரு கடன் அடைபட்டுக்கொண்டிருக்கும். கலந்தாய்வுக்கு அழைப்பு வரும்போது அந்த வீட்டின் கணக்கே வேறாகியிருக்கும். திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் இப்படித் தவறிப்போன நாலைந்து பேரையாவது நினைவிலிருந்து சொல்வார்கள்.

இந்த வீடுகள் பலவும் பிற ஊர்களிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களின் வீடுகள். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து, வேலம்பாளையத்திலும் அனுப்பர்பாளையத்திலும் வீரபாண்டியிலும் லைன் வீட்டில் தங்கி, இரண்டு தலைமுறையாகத் தறிக்கும் ஓவர்லாக்குக்கும் உழைத்தவர்கள். மகள் நர்ஸ் ஆகவேண்டும் என்ற ஆசை இந்த வீடுகளில் மிகத் தீவிரமாக இருக்கிறது. காரணம் எளிது. டாக்டர் படிப்புக்கு நீட் இருக்கிறது, என்ஜினீயரிங் முடித்த அண்ணன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக அலைகிறான். நர்சிங் முடித்தால் வேலை உண்டு, வெளிநாடு உண்டு, வெள்ளை உடுப்புக்கு மரியாதை உண்டு. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை நீட் இல்லாமல் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே நடந்துவருகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்துப் படித்த அரசுப் பள்ளிப் பெண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் தொழில்முறைப் பட்டம் இது.

அந்தப் பட்டத்துக்குப் போகும் வழியில்தான் இத்தனை குழி.

முதல் குழி போனில் வருகிறது. ரிசல்ட் வந்த மறுநாளே அறிமுகமில்லாத எண்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கும். மாணவர்களின் எண்கள் எப்படி வெளியே போகின்றன என்பதற்குப் பள்ளியும் பதில் சொல்வதில்லை, துறையும் பதில் சொல்வதில்லை. பேசுகிறவர் பெண்ணின் பெயர், மதிப்பெண், அப்பாவின் பெயர் வரை சொல்வார். ஸ்காலர்ஷிப்பில் முழுக் கட்டணமும் கழிந்துவிடும், ஹாஸ்டல் இலவசம், படித்து முடித்ததும் வேலை, சீட் இன்னும் இரண்டுதான் இருக்கிறது, இன்றே ஐயாயிரம் கட்டினால் உறுதி. ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் உண்டு என்பது அந்த வீட்டுக்குத் தெரியாது. சில நேரம் அவர் அதே தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவராகவோ, ஊர்க்காரராகவோ, கம்பெனி சூப்பர்வைசராகவோ இருப்பார். அதனாலேயே அவரை நம்புவார்கள்.

அட்வான்ஸ் கட்டும்போது டி.சி.யும் மார்க் ஷீட்டும் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. செப்டம்பரில் அரசு ஒதுக்கீட்டில் நல்ல இடம் கிடைத்து, சான்றிதழைத் திருப்பிக் கேட்டால் முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டு என்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு, கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்றும், சேர்க்கையை ரத்து செய்தவருக்கு விதிப்படி பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அறிவிப்பு ஆங்கிலத்தில், ஓர் இணையதளத்தில் இருக்கிறது. மாணவி நிற்பது கல்லூரி அலுவலகத்தின் கம்பி ஜன்னலுக்கு வெளியே. உள்ளே இருக்கும் கணக்காளரிடம் அதைச் சொல்ல அவளுக்குத் துணை யாரும் இல்லை.

இரண்டாவது குழி இன்னும் ஆழமானது. எந்தப் படிப்பை நர்சிங் என்று நம்பிச் சேர்கிறாள் என்பது.

இந்தியாவில் நர்ஸாகப் பதிவு பெறத் தகுதி தரும் அடிப்படைப் படிப்புகள் மூன்றுதான். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங், தமிழ்நாட்டில் இதை நடத்தும் கல்லூரிகள் பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. மூன்று ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ. இரண்டு ஆண்டு ஏ.என்.எம். இவற்றை முடித்தவர்கள் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1926ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தில் பிறந்த அமைப்பு அது. நாடு முழுமைக்குமான தரத்தை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துவந்தது. 2023இல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங், மகப்பேறு உதவி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, அந்தப் பழைய சட்டத்துக்கு மாற்று கொண்டுவந்தது.

இவற்றுக்கு வெளியே, பஸ் ஸ்டாண்டு எதிரில் மாடியில் இயங்கும் எத்தனையோ பயிற்சி மையங்கள் இருக்கின்றன. ஒரு வருட நர்சிங், இரண்டு வருட நர்சிங், டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட் என்று பெயர் போட்டிருக்கும். ஏதோ ஓர் அறக்கட்டளையோ தொழிற்பயிற்சி அமைப்போ சான்றிதழ் தரும். உதவியாளர் வேலைக்கு அரசே நடத்தும் சான்றிதழ்ப் படிப்புகளும் இருக்கின்றன. அவை உதவியாளர் படிப்பு என்று சொல்லியே மாணவரைச் சேர்க்கின்றன. இந்த மாடிகளில் அப்படிச் சொல்வதில்லை. வெள்ளைக் கோட்டு போட்டுப் படம் எடுக்கிறார்கள், விளக்கேற்றி உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள், பட்டமளிப்பு விழாவும் நடத்துகிறார்கள். பெற்றோர் கண்ணீரோடு பார்க்கிறார்கள்.

உண்மை வெளிப்படுவது இரண்டு மூன்று ஆண்டு கழித்து. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும். விண்ணப்பப் படிவத்தில் கவுன்சில் பதிவு எண் என்று ஒரு கட்டம் இருக்கும். வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்திலும் முதல் கேள்வி அதுதான். அவளிடம் நிரப்ப எண் இல்லை. அதுவரை சின்ன மருத்துவமனையொன்றில் ஊசி போட்டிருப்பாள், டிரிப் ஏற்றியிருப்பாள், இரவு முழுக்கத் தனியாக வார்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நர்ஸ் செய்யும் வேலை அத்தனையும் செய்தும் சட்டத்தின் கண்ணில் அவள் நர்ஸ் இல்லை. சம்பளமும் அந்தக் கணக்கில்தான். இப்படிப்பட்ட பெண் மறுபடி செக்கிங் டேபிளுக்கே வந்து சேர்வது திருப்பூரில் அபூர்வமில்லை. போன காலத்தையும் கட்டிய பணத்தையும் யாரிடம் போய்க் கேட்பாள்?

அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்றால் பயமில்லை என்று சொல்லிவிடவும் முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தில் நடந்தது அதற்குச் சாட்சி. கட்டடமும் மருத்துவமனையும் இல்லாமலே நர்சிங் கல்லூரிகள் அங்கீகாரம் வாங்கியிருப்பதாக வழக்கு வந்து, அம்மாநில உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 308 கல்லூரிகள் ஆய்வுக்கு உட்பட்டன. 169 தகுதியானவை என்று அறிக்கை வந்தது. பிறகு 2024 மே மாதம், சாதகமான அறிக்கை தர லஞ்சம் வாங்கியதாக ஆய்வுக்குப் போன சி.பி.ஐ. அதிகாரியையே சி.பி.ஐ. கைது செய்தது. தகுதியானவை எனப்பட்ட 169ஐயும் மறுபடி ஆய்வு செய்ய நீதிமன்றம் சொன்னது. இதற்கிடையில் 2020-21இல் சேர்ந்த மாணவர்கள் தேர்வே எழுத முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

பெங்களூருக்குப் பிள்ளைகளை அனுப்புவோர் கொங்கு நாட்டில் நிறையப் பேர். அங்கே குழப்பம் வேறு மாதிரி. 2017இல் கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை அடுத்து, அம்மாநிலக் கல்லூரிகள் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலிருந்து விடுபட்டன. மாநில அங்கீகாரம் போதும் என்றன கல்லூரிகள். கல்விக் கடனுக்கும் வெளிமாநிலப் பதிவுக்கும் போன கேரள மாணவர்கள் அது போதவில்லை என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். இரண்டு அமைப்புகள் அதிகாரம் யாருக்கு என்று வழக்காடும்போது நடுவில் நின்றது கடன் வாங்கிப் படித்த பிள்ளைகள்.

அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலை இணையதளத்தில் சரிபார்த்துவிட்டுச் சேரக்கூடாதா என்று கேட்பது சுலபம். அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்தால் தெரியும். எல்லாம் ஆங்கிலம். கல்லூரியின் பெயர் ஒன்றாகவும் அதை நடத்தும் டிரஸ்டின் பெயர் வேறாகவும் இருக்கும். ஒரே வளாகத்தில் ஜி.என்.எம்.முக்கு அனுமதி இருக்கும், பி.எஸ்சி.க்கு இருக்காது. அறுபது இடத்துக்கு அனுமதி வாங்கியவர்கள் எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது பட்டியலில் வராது. படித்தவர்களே தடுமாறும் அந்த அட்டவணையை, சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வந்த அப்பா கைபேசியில் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கட்டணத்துக்கு வருவோம். இங்கேதான் அந்த மூன்று நான்கு மாதத் தாமதம் நேரடியாகப் பணமாக மாறுகிறது.

தமிழ்நாட்டில் சிறுபான்மை அல்லாத தனியார் நர்சிங் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. அந்த இடங்களுக்குக் கட்டண நிர்ணயக் குழு வைத்த கட்டணம்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் கட்டணம் கூடுதல். ஆக, கலந்தாய்வு வரை காத்திருந்தவளுக்குக் குறைந்த கட்டணம், காத்திருக்க முடியாமல் மே மாதமே அட்வான்ஸ் கட்டியவளுக்கு அதிகக் கட்டணம். காத்திருக்க முடியாதவள் யார்? வாரச் சம்பளத்தில் ஓடும் வீட்டுப் பெண்தான். சீட் கிடைக்காமல் போய்விட்டால் என்ற பயம் அவளுக்குத்தான் அதிகம், ஏனென்றால் இன்னொரு வருடம் வீணாக்க அந்த வீட்டால் முடியாது. அரசு ஒதுக்கீடு யாருக்காக உண்டாக்கப்பட்டதோ, கால அட்டவணையே அவர்களை அதற்கு வெளியே தள்ளிவிடுகிறது.

கட்டணம் என்று கல்லூரி சொல்லும் தொகையோடு செலவு நிற்பதுமில்லை. சீருடை இரண்டு செட், ஷூ, ரெக்கார்டு நோட்டு, பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம், மருத்துவமனைப் பயிற்சிக்கான கட்டணம், கல்லூரி பஸ், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஹாஸ்டல். மனநலப் பயிற்சிக்குச் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள்; போய்வரும் செலவும் தங்கும் செலவும் தனி. ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாகக் கட்டச் சொல்கிறார்கள். வாரக் கவரில் வாழும் வீட்டில் மொத்தமாகப் பணம் என்பது தீபாவளி போனஸின்போது மட்டும்தான் கண்ணில் படும். போனஸ் வருவது அக்டோபரில், ஃபீஸ் கேட்பது அதற்கு முன்னால். இந்த இடைவெளியை வட்டிக்காரர் நிரப்புகிறார்.

2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது இந்த நெருக்கடி வெளிப்படையாகத் தெரிந்தது. அமெரிக்க ஆர்டர்களை நம்பிய கம்பெனிகளில் வேலை குறைந்தது, ஓவர்டைம் போனது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கினால் வயிற்றுக்குக் குறைவு வராமல் சமாளித்துவிடுவார்கள். மகளின் ஃபீஸ்தான் அந்த அரை ஷிப்டில் இருந்தது. சரியாகச் சேர்க்கை நடக்கும் மாதங்கள் அவை.

அரசின் உதவிகள் இல்லாமல் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பஸ் கட்டணத்துக்கும் நோட்டுக்கும் அது பெரிய ஆறுதல். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் அந்தப் பணம் பிறகுதான் வரும். அதுவரை நீங்களே கட்டிவிடுங்கள் என்று கல்லூரி சொன்னால், உதவித்தொகை இருந்தும் அது உதவாது.

கல்லூரியின் தரத்தை எப்படிப் பார்ப்பது என்று யாரும் இந்தப் பெண்களுக்குச் சொல்லித் தருவதில்லை. கட்டடம் எத்தனை மாடி, ஏ.சி. வகுப்பறை உண்டா, பஸ் எத்தனை ஓடுகிறது என்று விளம்பரம் பேசும். நர்சிங் படிப்பின் உயிர் வார்டில் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி கல்லூரிக்கு நூறு படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை இருக்கவேண்டும். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்கில் பயிற்சி கிடைக்கவேண்டும். விசாரிக்கப் போகிறவர்கள் கல்லூரி அலுவலகத்தில் உட்காருவதைவிட அந்த மருத்துவமனை வார்டுக்குள் ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது. படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா? ஒரு கட்டிலைச் சுற்றி எட்டு மாணவிகள் நிற்கிறார்களா? இரவு ஷிப்டில் வார்டைப் பார்த்துக்கொள்வது பதிவு பெற்ற நர்ஸா, இரண்டாம் ஆண்டு மாணவியா? மாணவிகளைச் சம்பளமில்லா ஆட்களாக ஓட்டும் மருத்துவமனையில் வேலை கற்கலாம், பாடம் கற்க முடியாது. சீனியர் மாணவி ஒருத்தியிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசினால் இதெல்லாம் வெளியே வந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தைத் தராத கல்லூரியைச் சந்தேகிக்க வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு அடியும் காத்திருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்து இறங்கும். பிளஸ் 2 உயிரியலில் முழு மதிப்பெண் எடுத்தவள் எலும்புகளின் பெயரைக் கேட்டு அழுவாள். முதல் மூன்று மாதம் தமிழில் விளக்கிச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவள் தேறிவிடுவாள். இல்லையென்றால் அரியர் சேரும், பெயர் கெடும். எந்தக் கல்லூரியும் இதைப் பற்றி நோட்டீஸில் ஒரு வரி எழுதுவதில்லை, எத்தனை பேர் முதலாண்டில் தேறினார்கள் என்றும் சொல்வதில்லை.

ஆலை வேலையோடு நர்சிங் படிப்பு என்று ஆசை காட்டுபவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். கொங்கு நாட்டு ஆலைகளில் சில, தம் பெண் தொழிலாளர்களை உண்மையாகவே படிக்க வைத்திருக்கின்றன, கே.பி.ஆர். ஆலை அதற்காகவே பெயர் பெற்றது. ஆனால் தொலைதூரக் கல்வியில் பி.காம். படிக்கலாம், ஜி.என்.எம். படிக்க முடியாது. மூன்று ஆண்டு வேலை செய்தால் கடைசியில் மொத்தத் தொகை என்று சொல்லித் தென்மாவட்டப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் அடைத்த சுமங்கலித் திட்டத்தை இந்த வட்டாரம் மறந்திருக்காது. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ உள்ளிட்ட அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகளுக்குப் பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தொகை கல்யாணத்துக்கு என்று அன்று சொன்னார்கள்; படிப்புக்கு என்று இன்று யாராவது சொன்னால், எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

இவ்வளவும் தாண்டிப் படித்து முடித்தவளுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியும் சேர்க்கையின்போதே வீட்டில் எழுகிறது. 2015இல் அரசு எடுத்த ஒப்பந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் டெய்லருக்கு அன்றைக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியதைப் பார்த்த பெற்றோர், நர்சிங் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. தனியார் மருத்துவமனைகளில் குறைந்தது 20,000 ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016இலேயே பரிந்துரைத்தது. கேரளம் அங்கே நடந்த நர்சுகள் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் அதைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. தமிழ்நாடும் அறிவிக்கத் தடையாக இருப்பது மனமின்மை மட்டுமே. சம்பளம் நிச்சயமாகத் தெரிந்தால், மே மாதம் அந்த அம்மா மகளைக் கம்பெனிக்குக் கூப்பிடுமுன் ஒருமுறை யோசிப்பார்.

மாற்றவேண்டியதில் முதலாவது கால அட்டவணை. கலைக் கல்லூரிகளுக்கான அரசுச் சேர்க்கை ஜூனிலேயே பெரும்பாலும் நடந்துவிடுகிறது. என்ஜினீயரிங் கலந்தாய்வு ஜூலையில் ஓடுகிறது. நர்சிங் சேர்க்கை நீட் மதிப்பெண்ணை நம்பி இல்லாதபோது, மருத்துவக் கலந்தாய்வின் வாலைப் பிடித்துக்கொண்டு போகவேண்டிய தேவை என்ன? இரண்டையும் நடத்துவது ஒரே தேர்வுக் குழு என்பதைத் தவிர வேறு காரணம் வலுவாக இல்லை. ஜூனில் நர்சிங் இடம் எடுத்தவர்கள் பிறகு எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போய்விட்டால் இடம் காலியாகுமே என்பார்கள். ஆகும். அதற்காக ஆகஸ்டில் இரண்டாம் சுற்று நடத்தலாம். அந்த மாதிரி நகர்பவர்கள் மதிப்பெண் பட்டியலின் உச்சியில் இருக்கும் சிலர். அந்தச் சிலருக்காகக் கீழே உள்ள ஆயிரக்கணக்கானவர்களை ஏஜென்டின் கையில் நான்கு மாதம் விட்டுவைப்பது சரியில்லை.

இரண்டாவது, திருப்பூருக்குள்ளேயே அரசு இடங்கள். 2014க்குப் பிறகு தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 நர்சிங் கல்லூரிகள் அமைக்க 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தலா 10 கோடி ரூபாய். தமிழ்நாட்டுக்கு அதில் 11. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் ஒன்று. அந்த வளாகத்து நர்சிங் இடங்கள் எத்தனை, எந்த ஆண்டு எவ்வளவு கூடும் என்பது ஜெய்வாபாய் பள்ளி போன்ற பெரிய அரசுப் பெண்கள் பள்ளிகளின் பதினோராம் வகுப்புக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு கதவும் இருக்கிறது, அதை யாரும் தட்டுவதில்லை. பனியன் தொழிலாளியின் சம்பளத்தில் மாதந்தோறும் 0.75 விழுக்காடு இ.எஸ்.ஐ.க்குப் போகிறது, முதலாளி 3.25 விழுக்காடு போடுகிறார். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய திருப்பூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை நூறு படுக்கை கொண்டது. ஒரு நர்சிங் கல்லூரிக்குத் தேவையான தாய் மருத்துவமனையின் அளவு அதுவேதான். இ.எஸ்.ஐ. கழகம் கர்நாடகத்தின் கலபுரகியில் நர்சிங் கல்லூரி நடத்துகிறது. தன் மருத்துவக் கல்லூரிகளில் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் வைத்திருக்கிறது. பல லட்சம் தொழிலாளர் பணம் கட்டும் திருப்பூரில் அப்படியொரு கல்லூரியை ஏற்றுமதியாளர் சங்கமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கேட்கலாம். கூலி ஒப்பந்தத்துக்கு எதிரெதிரே உட்காரும் இரண்டு தரப்புக்கும் இதில் மாறுபாடு வர வாய்ப்பில்லை.

இவை நடக்க ஆண்டுகள் ஆகும். அடுத்த மே மாதத்துக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் அங்கீகாரம் பெற்ற நர்சிங் கல்லூரிகள், பள்ளிகள், ஒவ்வொன்றிலும் எந்தப் படிப்புக்கு எத்தனை இடம், அரசு ஒதுக்கீட்டுக் கட்டணம் எவ்வளவு, தாய் மருத்துவமனை எது, அசல் சான்றிதழைத் தர மறுத்தால் எந்த எண்ணுக்குப் பேசவேண்டும் ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, ரிசல்ட்டுக்கு முன்பே பள்ளிகளிலும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் பனியன் கம்பெனிகளின் வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்திலும் ஒட்டவேண்டும். மாவட்ட ஆட்சியர் ஒருவர் நினைத்தால் ஒரு வாரத்தில் ஆகும் வேலை. அதே தாளில், கவுன்சிலில் பதிவு பெற முடியாத படிப்புகள் எவை என்பதையும் பெயர் சொல்லி எழுதவேண்டும்.

நான் முதல்வன் திட்டத்தில் உயர்வுக்குப் படி என்று ஒரு முகாம் நடக்கிறது. பிளஸ் 2 முடித்தும் எந்தக் கல்லூரியிலும் சேராதவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, பெற்றோரோடு வரவழைத்து, இருக்கும் இடங்களில் சேர்த்துவிடும் நல்ல ஏற்பாடு. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவிக்கும் போன் செய்கிறார்கள். திருப்பூரில் அந்த போன் பெரும்பாலும் ஷிப்ட் நேரத்தில் போகிறது. தையல் மெஷின் சத்தத்தில் யாரும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த முகாமை வைத்து, அன்றைக்கே நர்சிங் கல்லூரிகளின் காலியிடப் பட்டியலும் கட்டணத்துக்கான வங்கி மேஜையும் அங்கே இருந்தால், செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் சிலராவது அந்த ஆண்டே வகுப்புக்குப் போய்விட முடியும்.